சுவரில் ஒட்டாத செய்தி

இன்று விடிவதற்கு முன் ஜன்னலைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. அழுகிய முட்டையும் இல்லை, சமையல் எரிவாயுவும் இல்லை. தொண்டையின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு புளிப்பு. திருவொற்றியூரில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஜன்னலை மூடினேன். சற்றுப் பொறுத்துத் திறந்து, மறுபடி முகர்ந்து பார்த்தேன். என் மூக்கின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. உனக்கு உன் மூக்கின் மேல் இருந்தது. ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபடியே, "இது உரம். இது டேங்கர் கழுவுறது. இது நம்ம காவாத் தண்ணிதான், பயப்படாதமே" என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வாய். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நாம் அன்று செய்த தவறை மூன்று வாரத்துக்கு முன் நான் மறுபடி செய்துவிட்டேனோ என்று சந்தேகம். அப்படியானால் ஒருவனுடைய வேலை என் வாயாலேயே போகும். அவன், கம்பெனி கேட்டில் காவலுக்கு நின்றாரே, நம் கேட்காரர், அவருடைய மகன். இந்த மடலை நீ படிக்கப் போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் அவர் பெயரை எழுதக் கை வரவில்லை. கேட்காரர் என்றே எழுதுகிறேன்.

நாம் நடத்திய இதழியல் பள்ளியைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட கல்லூரி ஒரு சிறப்பு மலர் கொண்டுவருகிறது. இதழியல் துறையின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். தொகுப்பாசிரியர் நல்ல பிள்ளை, முப்பது வயதிருக்கும். போனில் உற்சாகமாகப் பேசினார். "மேடம், நீங்க செய்தி எழுதினா அதைச் சொன்னவங்ககிட்டயே போய்ப் படிச்சுக் காட்டுவீங்களாமே? வேற எந்த இன்ஸ்டிட்யூட்லயும் அது இல்ல. அதை மட்டும் நாலு பக்கம் எழுதிக் குடுங்க." சரி என்று சொல்லிவிட்டு வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

வரலாறு என்று உட்கார்ந்தால் முதலில் வருவது அந்தப் பத்திரிகை அலுவலகத்து மேஜைதான். நீ ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். இருவருமே உதவி ஆசிரியர்கள். நான் பல்கலைக்கழகப் பட்டத்தோடு வந்தவள். நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள்; தபாலில் படித்து வந்தவள். என் பேனாக்களைத் திருடுவாய். கேட்டால், "எழுதத்தானேமே எடுத்தேன், காதுலயா குத்திக்கினேன்" என்பாய். ஒருநாள் காசிமேட்டுப் பக்கம் தீப்பிடித்த செய்தி வந்தது. வீட்டை இழந்த ஒரு பெண் பேசியதைக் கோமாளித் தமிழாக மாற்றி, சிரிக்கும்படி எழுதியிருந்தார்கள். நீ அந்தப் பக்கத்தைக் கசக்கவில்லை, கிழிக்கவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாய். கீழே டீக்கடையில்தான் சொன்னாய்: "ஒருத்தனும் அங்க போவல. போன்ல கேட்டுட்டு எழுதிகினு கீறான். நம்ம ஜனத்துக்கு நாமே எழுதக் கத்துக் குடுக்கலாமா?"

அப்படித்தான் ராயபுரத்தில் வலையும் கயிறும் விற்கும் கடையின் மாடியில் நம் மாலை வகுப்பு தொடங்கியது. நைலான் கயிற்று வாசனை படியேறி வரும். மூடிப்போன டுடோரியல் ஒன்றிலிருந்து வாங்கிய கரும்பலகையில் யாரோ எழுதிய கணக்கு பாதி அழியாமல் இருந்தது. முதல் தொகுதியில் பதினொரு பேர். முதல் மாதம் யாரும் எழுதக் கூடாது என்றாய். ஆளுக்கு ஒரு தெரு. தினமும் அந்தத் தெருவில் நடந்து, திங்கட்கிழமை வந்து, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். "ஒண்ணும் மாறல மிஸ்" என்று சொன்ன பையனை மறுபடி அதே தெருவுக்கு அனுப்பினாய். தெருக்குழாயின் கைப்பிடி காணாமல் போயிருந்ததை மூன்றாவது நாள்தான் கண்டுபிடித்தான். பாடத்திட்டத்தில் இதெல்லாம் எங்கே வருகிறது என்று நான் கேட்டேன். அப்போதெல்லாம் நான் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைதோறும் சார்ட் பேப்பரில் செய்திகளை எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டுவோம். அதுதான் நம் பத்திரிகை. மூட்டை தூக்குபவர்கள், மீன்காரப் பெண்கள், கயிற்றுக் கடைக்கு வருபவர்கள் எல்லாரும் நின்று படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் படித்துச் சொல்வார். ஒருநாள் ஒரு மீன்காரம்மா கூடையோடு மாடிக்கே ஏறி வந்துவிட்டார். "எவடி அவ? நான் சொன்னது ஒண்ணு, இங்க எழுதிக்கீறது ஒண்ணு. ஐஸ் விலை ஏறிப்போச்சுன்னு சொன்னா, மீன் விலைய ஏத்திட்டேன்னு எழுதி வெச்சிக்கீறா! நாளைக்கு எவன் எங்கிட்ட வாங்குவான்?" வகுப்பே எழுந்து நின்றது. நீ அவரை உட்காரவைத்து, உன் வடையை அவருக்குக் கொடுத்தாய்.

அன்றுதான் அந்த விதியை நான் கொண்டுவந்தேன். யார் சொன்ன செய்தியாக இருந்தாலும், அவரிடம் போய் முழுவதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டிய பிறகே சுவரில் ஏற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தன் சொல் என்னவாகிறது என்று அறிய உரிமை உண்டு என்று பத்து நிமிடம் பேசினேன். இப்போதும் அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் தவறில்லை. நீ மட்டும் தலையைச் சொறிந்தாய். "படிச்சுக் காட்றது நல்லதுதான்மே. எங்க உக்காந்து படிப்ப? வூடு பத்துக்குப் பத்து. சுவத்துக்கும் காது கீதும்பாங்க. இங்க காதுக்கு சுவரே கெடையாது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, விதியைக் கரும்பலகையில் எழுதினேன்.

இரண்டு வருடம் அது நன்றாகவே நடந்தது. வாசித்துக் காட்டும்போது மக்கள் திருத்தினார்கள்; கூடுதலாகச் சொன்னார்கள்; சிலர் அழுதார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது.

மூன்றாம் வருடம் எண்ணூர்ப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் வாயு கசிந்தது. நடுப்பகல். சுற்றுத் தெருக்களில் குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். ஜனங்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் காற்றடிக்கும் திசையிலேயே ஓடினார்கள். சாவு இல்லை என்பதால் மறுநாள் பத்திரிகைகளில் நான்கு வரி. நம் மாணவி ஷாஹிதாவுக்கு நாம் கொடுத்திருந்த தெரு அங்கே இருந்தது. வண்ணாரப்பேட்டைப் பெண், பத்தொன்பது வயது, தெளிவான குரல். எல்லாரும் வாயுவைப் பற்றிக் கேட்டபோது அவள் ஒருத்திதான் சங்கைப் பற்றிக் கேட்டாள். ஆபத்து என்றால் ஊத வேண்டிய கம்பெனிச் சங்கு ஏன் ஊதவில்லை? கேட்டில் காவலுக்கு நிற்பவர் அவளிடம் சொன்னார்: "சங்கு ஆறு மாசமா செத்துக் கெடக்குது பாப்பா. நல்லா கீதுன்னு நோட்டுல எழுதச் சொல்வாங்க, நானும் எழுதுவேன்." அவர் பெயரைப் போடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். போடவில்லை. விதிப்படி வாசித்துக் காட்ட அவர் வீட்டுக்குப் போனாள்.

அங்கே நடந்ததை அவள் நம்மிடம் சொன்னபோது முதலில் சிரித்துக்கொண்டே சொன்னாள், நினைவிருக்கிறதா? வீட்டுக்குள் அவர் மனைவி சமைத்துக்கொண்டிருந்தார், புகை. அதனால் வெளியே நடைவழியில் உட்கார்ந்தார்கள். கேட்காரரின் பேச்சு அதுவரை எந்தத் தாளிலும் ஏறியதில்லை. அவள் முதல் வரியைப் படித்ததும், "இரு, இரு" என்று நிறுத்தி எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். எதிர்வீட்டுக்காரர், "இன்னா அண்ணாத்த, பேப்பர்காரன் ஆயிட்டியா?" என்று கேட்டபடி வந்தார். ஒரு அம்மா, "பால எறக்கி வெச்சுட்டு வரேன், அதுக்குள்ள முடிச்சுடாத" என்றார். மூன்று முறை படிக்கவைத்தார்கள். திருத்தமாக, நிறுத்தி, கடைசி ஆள் வரை கேட்கும்படி வாசிக்க நாம்தானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்? மூன்றாவது வீட்டில் அந்தக் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி குடியிருந்தார். அவரும் கேட்டார்.

மறுநாள் கேட்காரரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் வீட்டுக்கு எதிரே ஒரு பைக் நின்றது. இரண்டு பேர். எதுவும் பேசவில்லை, சும்மா நின்றார்கள். வெள்ளிக்கிழமை நம் மாடிக்கும் வந்தார்கள்.

"இன்னா கிளாஸு இது?" என்றான் ஒருவன்.

"பேப்பர் வேலை" என்றாய் நீ.

"பேப்பரா? போண்டா சுத்துறதுக்கா, எழுதறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான் நைனா. முதல்ல எழுதுவோம், அப்புறம் சுத்துவோம். உக்காரு, அட்மிஷன் போடறேன்."

அவன் சிரித்தான். மேஜை மேலிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்தான். ஒவ்வொரு பெயராக, அவசரமில்லாமல், வாய்விட்டு வாசித்தான். ஒரு பெயரை வாசிப்பான், நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்ப்பான், அடுத்த பெயருக்குப் போவான். ஷாஹிதாவின் பெயர் வந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே போதுமாக இருந்தது. பதிவேட்டை இருந்த இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார்கள். உன் கையைப் பார்த்தேன். நைனா என்று கேலி பேசிய நீ, மேஜைக்கு அடியில் உன் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தாய்.

அந்தச் சனிக்கிழமை சுவரில் எதுவும் ஒட்டவில்லை. ஷாஹிதா எழுதிய செய்தியை நீயே மடித்து எடுத்துப் போனாய். மனிதருக்கு வேலையும் போயிற்று, செய்தியும் வரவில்லை. சுவரில் ஏறும் முன்பே நம் விதியே அதை வெளியிட்டுவிட்டது. கேட்காரர் குடும்பத்தோடு புளியந்தோப்பில் உறவினர் வீட்டுக்குப் போனார். ஷாஹிதா வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். அடுத்த தொகுதிக்கு அந்த விதி இல்லை. ஏன் என்று பிள்ளைகளிடம் நாம் சொல்லவில்லை, நமக்குள்ளும் பேசிக்கொள்ளவில்லை. கல்லூரிக்காரர்கள் அது இன்றுவரை நம் பெருமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ என்னை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் புளியந்தோப்புக்குப் போவாய். "வர்றியாமே?" என்று இரண்டு முறை கேட்டாய், பிறகு கேட்கவில்லை. உன் அடக்கத்தன்று காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கேட்காரர் வந்து நின்றிருந்தார். நான் ஒரு கல்லறைக்குப் பின்னால், நிழலுக்கு ஒதுங்குவதுபோல் ஒதுங்கிக்கொண்டேன்.

ஆக, நான்கு பக்கம் எழுதினேன். விதியைப் புகழ்ந்து எழுதிவிட்டுப் போகலாம், பொய். நடந்ததை எழுதலாம், பெயரே போடாவிட்டாலும், ஊதாத சங்கும் வேலை போன காவலரும் என்றால் அந்தக் கம்பெனியில் யாருக்கும் ஆள் விளங்கிவிடும். நடந்ததைத்தான் எழுதினேன். எழுதியதும் இன்னொரு பயம் வந்தது. அவரிடம் வாசித்துக் காட்டாமல் இதை எப்படிக் கொடுப்பது? கைவிட்ட விதிதான். ஆனாலும் என் விதி.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் புளியந்தோப்பு போனேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பு, இரண்டாவது மாடி. கதவைத் திறந்த அவர் மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீதான் இன்னொரு டீச்சரம்மாவா? அந்த அக்கா சொல்லிகினே இருக்கும். உள்ள வா." நான் கதவைத் தாழிட்டேன். ஜன்னலை மூடலாமா என்று கேட்டேன். டிவியின் சத்தத்தைக் கூட்டிவைத்தேன். பிறகு அவர் அருகில் உட்கார்ந்து, கிசுகிசுப்பாக வாசிக்க ஆரம்பித்தேன்.

"ஒண்ணும் காதுல வுழல டீச்சரம்மா" என்றார் கேட்காரர். "ஒரு காது போச்சு. இன்னொண்ணு போய்கினு கீது. அந்த டிவிய அமுத்து. கத்திப் படி."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போயிருக்கலாம். டிவியை அணைத்துவிட்டுச் சத்தமாகப் படித்தேன். என் குரல் அந்தச் சிறிய அறையில் முட்டி, மூடின ஜன்னலைத் தாண்டிப் போவது எனக்கே கேட்டது. நடைவழியில் மூன்று முறை வாசித்த இடம் வந்தபோது அவர் சிரித்தார். "ஆமா, பால எறக்கப் போன அம்மா வரட்டும்னு வேற நிறுத்தி வெச்சேன்."

"பெருமதான்" என்றார் மனைவி.

படித்து முடித்தேன். அவர் முழங்காலைத் தட்டினார். "போடு டீச்சரம்மா. நான் இன்னா பொய்யா சொன்னேன்? சங்கு ஊதல. ஊதலன்னு சொன்னேன்."

"நீ சொல்லிட்டுப் போயிட்ட" என்றார் மனைவி. அவர் குரல் உயரவில்லை. "வூட்ட காலி பண்ணது நானு. புள்ளைய நடுவுல வேற ஸ்கூல்ல சேத்தது நானு." என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு அந்தப் பொண்ணு வெளில உக்காந்து படிச்சுது. நான் உள்ள அடுப்பாண்ட இருந்தேன். எனக்கும் கேட்டுது. நீ இன்னா சொல்றன்னு என்ன ஒருத்தராவது கேட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"இப்ப சொல்றேன். புள்ள அதே கம்பெனிலதான் கீறான். முதலாளி மாறிட்டான், போர்ட மாத்திட்டான், கேட்டு அதேதான். அந்த அக்காக்கும் தெரியும், அங்க போவ வேணாம்னுச்சு. வேற எவன் வேலை குடுக்கறான்? காண்ட்ராக்டுல அஞ்சு வருஷமா கீறான். பொங்கலுக்குள்ள பர்மனென்ட் லிஸ்ட்டு வருது. இவன் இன்னாருக்குப் பொறந்தவன்னு அங்க எவனுக்கும் தெரியாது. நீ எழுதாத."

"எழுதட்டும்" என்றார் அவர்.

"நீ சும்மா கெட."

விதியில் நான் விட்டது எது என்று அந்த நிமிடம்தான் புரிந்தது. சொன்னவரைக் கேட்க வேண்டும் என்று எழுதினேன். சொன்னதைத் தாங்கப் போகிறவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்து, எழுத மாட்டேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது படிக்கட்டின் திருப்பத்தில் ஒருவர் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் தண்ணீர் கேன், கையில் போன். என்னைப் பார்த்ததும் வழிவிட்டார்.

"நல்லா படிக்கிறீங்க மேடம்" என்றார். "கதையா?"

"ஆமாங்க. கதைதான்."

"அதான் பாத்தேன்" என்று கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேலே போனார்.

அவர் யார் என்று எனக்குத் தெரியாது. வெறும் நல்ல மனிதராக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் தூக்கும் ஒருவர், ஒரு பெண் வாசிப்பதைக் கேட்டு ரசித்தார், அவ்வளவுதான். எதையும் ஆதாரமில்லாமல் நம்பாதவள் நான். பயத்துக்கு மட்டும் ஆதாரம் கேட்க முடியவில்லை. அந்த அம்மாவிடம் அவரைப் பற்றிப் போனில் சொன்னேன். எப்படி இருந்தார் என்று அடையாளம் கேட்டார். சொன்னேன். அப்படி இந்தக் கட்டடத்திலேயே யாருமில்லையே என்றார். பிறகு, யாராவது விருந்தாளியாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

மலருக்கு நான் கொடுத்த வரலாற்றில், அந்த முறை சில ஆண்டுகள் இருந்தது, பின்பு கைவிடப்பட்டது என்று மட்டும் இருக்கிறது. "ஏன் கைவிட்டீங்கன்னு ஒரு வரி சேர்த்தா நல்லா இருக்கும் மேடம்" என்றார் தொகுப்பாசிரியர். முடியாது என்றேன். நம் பள்ளியின் வரலாற்றில் உண்மையான பகுதி அந்த நான்கு பக்கம்தான். அது என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. இது பொறுப்பா, கோழைத்தனமா என்று நீ இருந்தால் ஒரே சொல்லில் சொல்லியிருப்பாய்.

இந்த மாதம் அவர் மகனுக்குக் காலை ஷிப்ட். ஆறு மணிக்குக் கேட்டில் கைரேகை வைத்து உள்ளே போனதும் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பானாம். ஆறரைக்கு நான் அந்த அம்மாவுக்குப் போன் செய்கிறேன். முதல் வாரம், "இன்னா டீச்சரம்மா, தெனம் பண்ற?" என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை. நான் பேசும் முன்பே, "போய்ட்டான்" என்பார். "சரிம்மா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

நீ மாதாமாதம் அங்கே ஆறுதல் சொல்லத்தான் போகிறாய் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உன் நல்ல மனம் என்று உள்ளூரக் கொஞ்சம் பொறாமையும் பட்டேன். இப்போது நினைத்தால் அப்படி இருக்காது என்று படுகிறது. அவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் போயிருப்பாய். கதவு திறக்கிறதா, பிள்ளை சாப்பிடுகிறானா, எதிரே யாராவது நிற்கிறார்களா என்று. என் விதியின் பயத்தை எனக்கும் சேர்த்து நீ ஒருத்தியே சுமந்திருக்கிறாய். இரண்டு முறை கூப்பிட்டாய். நான் வரவில்லை.

நேற்று அந்த அம்மா இரண்டாவது மணியிலேயே எடுத்தார். போய்ட்டான் என்றார். இன்று இன்னும் ஆறரை ஆகவில்லை.